கோடு போட்ட மிருகம்

பிள்ளைப்பாக்கம்
ஜூலை 1991

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஓசூர் கம்பெனிச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? பத்திரிகைக்கு அனுப்பக் கவிதை நோட்டைக் கேட்டிருந்தீர்கள். பார்சலில் அனுப்பிவிட்டேன். நடுவில் ஒரு பக்கம் இருக்காது. கிழித்தது நான்தான்.

பாப்பா பாய்ந்து வந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வாளே, அந்தக் கவிதை. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மிருகத்தின் பேரை அவளுக்கு வைத்து, ஏழு இடத்தில் எழுதியிருந்தீர்கள். உலகத்தில் வேறு மிருகமா இல்லை? பொங்கலுக்கு எழுதியபோது உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்!

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்த பிறகு இங்கே வீடு வீடாகச் சோதனை. ஜீப் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். வந்தவர்கள் அரிசிப் பானையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நோட்டைத் திறக்கக்கூட இல்லை.

இப்போது தெருவில் யாரும் அந்தப் பேரை வாயால் சொல்வதில்லை. நானும் அவளை ‘பூனைக்குட்டி’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

“நானா பூனை? அப்பா வூட்டுக்கு வரட்டும், சொல்றேன்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து யார் மேலும் அவள் பாய்வதில்லை.

கவிதை முழுக்க எனக்கு மனப்பாடம். ஆனால் எழுதக் கை வரவில்லை. நீங்களும் பதிலில் எழுத வேண்டாம். லீவு போட்டுவிட்டு வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு, அவள் காதில் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கழுத்து பத்திரம்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்