பொத்தான் டப்பாவில் ஒரு கார்டு

ஜூன் 2

பல் செட்டுக்குப் பல் அடுக்கும் வேலையில் ஒரு சௌகரியம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. டாக்டர்கள் எடுக்கும் வாய் அச்சு பொட்டலமாக லேபுக்கு வரும். மேலே நம்பர், வயது, பல்லின் நிறம். மெழுகில் பல்லை அடுக்கி அனுப்பிவிட்டால் என் பாடு முடிந்தது. இன்று வந்த அச்சு அறுபது வயதுப் பெண்மணியுடையது. ‘சிரித்தால் பல் தெரிய வேண்டுமாம்’ என்று டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாளோ, மகராசி. தாராளமாகவே தெரிகிற மாதிரி அடுக்கினேன்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். இது இன்னும் கைக்குப் பழகவில்லை. இத்தனை வருஷமும் நான் கதவைத் தட்டுகிறவள். திறப்பது அக்காவின் வேலை.

ஜூன் 5

மோட்டார் உறுமுகிறது. தண்ணீர் ஏறவில்லை.

ஜூன் 6

பக்கெட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரும் காலி. மோட்டார் இப்படி மக்கர் பண்ணும்போதெல்லாம் அக்கா ஒரு குவளையோடு பின்பக்கம் போவாள், ஏதோ செய்வாள், தண்ணீர் ஏறிவிடும். என்ன செய்வாள் என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அக்கா இருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

அந்தக் கார்டில் சொல்லியிருப்பாள். கல்யாணத்தன்று காலை, பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், தன் போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டாள். “வீட்டு விஷயம் எல்லாம் பேசிப் பேசி வச்சிருக்கேன். மோட்டார், காஸ், எல்லாம். உன் போன்ல போட்டுக் கேளு. கடைசி வரைக்கும் கேளு” என்றாள். நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன். அதுதான் என் வாழ்த்து.

ஐம்பத்தேழு வயதில் கல்யாணம். மூக்குக்கண்ணாடியின் காது உடைந்துவிட்டது என்று கடைக்குப் போனவள், கண்ணாடிக்கடைக்காரரையே கட்டிக்கொண்டு ரயிலேறி அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “அவர் கேட்டார். சரின்னு சொன்னேன்” என்றாள். அவள் சுபாவமே அதுதான். போன் திரையில் எது கேட்டாலும் சரி என்று அமுக்குவாள். “பாவம், கேக்குது. வேண்டாம்னு சொல்லுவானேன்?” அந்த போன் தினமும் காலையில் யாருக்கும் தெரியாத ஏதோ ஓர் ஊரில் மழை வரும் என்று எச்சரிக்கும்.

நான் நேர்மாறு. எது கேட்டாலும் ‘இப்போது வேண்டாம்’. படித்துப் பார்ப்பதுகூடக் கிடையாது.

ஊருக்குப் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் கேட்டாள்: “கார்டைக் கேட்டியா?”

கோபம் எனக்கு. “கேட்டேன்.”

“கடைசியில சொன்னதையும்?”

“அதையுந்தான்.”

“சரி. உன் இஷ்டம்.”

என்ன என் இஷ்டம்? எதற்கு? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு பரவாயில்லையா, பரவாயில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காத ஒன்றைக் கேட்டதாகச் சொன்னவள் எந்த மூஞ்சியோடு விசாரிப்பது?

ஜூன் 7

டப்பாவைத் திறந்தேன். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே நகம் அளவுக்குக் கார்டு. லேபிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் எடுத்து என் போனில் செருகினேன்.

கார்டைப் படிக்க முடியவில்லையாம். அழித்துச் சுத்தம் செய்து புதிதாகப் பயன்படுத்தவா என்று கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன். கழற்றினேன், துடைத்தேன், மறுபடி போட்டேன். மறுபடி அதே கேள்வி. நல்லவேளை, என் கை எதற்கும் வேண்டாம் என்று பழகிய கை.

ஜூன் 8, ஞாயிறு

குழாய்க்காரர் வந்தார். ஒரு குவளைத் தண்ணீரை மோட்டாரின் வாயில் ஊற்றி, திருகை மூடி, சுவிட்சைப் போட்டார். ஏறிவிட்டது. “இவ்வளவுதாம்மா. காத்து புகுந்துடுச்சு” என்றார். எனக்குக் காது சுட்டது.

ஆக, கார்டு இனி எதற்கும் தேவையில்லை. அப்படியானால் சாயங்காலம் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருந்தேன்?

அக்கா பேசினாள். சாப்பிட்டியா. சாப்பிட்டேன். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். “அவர் வந்துட்டார், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 11

லேப் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். பக்கத்து மேசைக்காரர் (மெழுகு வேலையில் புலி, அதனால் பெயரே மெழுகு) மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு காட்டுதே” என்றார். பிறகு, “என்ன வச்சிருந்தீங்க?” என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 14

தெருமுனை போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்டைத் தன் போனில் போட்டார். “போச்சும்மா இது. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஆயிடும்.” சொல்லிக்கொண்டே கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். முன்பின் தெரியாத ஆம்பிளையின் கையை! கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “அதுல எங்க அக்கா இருக்கா” என்றேன். அவர் பயந்துபோய்க் கார்டை என் உள்ளங்கையில் வைத்தார். பாவம், அக்கா செத்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். காசுகூட வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த உள்ளங்கையைத் திறக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா இன்று கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. மத்தியானம் இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன், கை அளவு மாறவில்லை. மிச்சத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். தனியாக இருப்பது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது, நிற்கிறது. மேல்வீட்டில் நாற்காலி நகர்கிறது. என் சத்தம் மட்டும் யாருக்கும் கேட்காது.

ஜூன் 18

மெழுகுதான் சொன்னார், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெண் போன் பழுது பார்க்கிறாள், அவளிடம் காட்டுங்கள் என்று. போனேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் என் கார்டு. எந்த போனிலிருந்து எடுத்தது, அதில் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டாள்.

“அக்காதான் போட்டா. போன் என்ன கேட்டாலும் சரின்னு அமுக்குவா.”

“அப்போ அதுதான்” என்றாள். புதுக் கார்டைப் போட்டதும் போன் கேட்குமாம், இதை என் சொந்த இடமாகவே வைத்துக்கொள்ளட்டுமா என்று. சரி என்றால் கார்டையே பூட்டிவிடுமாம். “கார்டு கெடலக்கா. பூட்டியிருக்கு. சாவி அந்த போனுக்குள்ள இருக்கு. வேற எதுல போட்டாலும் திறக்காது. அந்த போன் இருக்கா?”

இருக்கிறது. அக்காவிடம்.

“அப்போ அவங்க போன்ல போடுங்க, வந்துடும். ஒண்ணே ஒண்ணு.” டீயைக் கீழே வைத்தாள். “கார்டைக் காணோம், போடுங்கன்னு அந்த போன் அவங்களை நச்சரிச்சிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தா, இனிமே இது வராதுன்னு விட்டுடவான்னு ஒரு இடத்துல கேக்கும். அதுக்குச் சரின்னு அமுக்கியிருந்தா சாவியும் போயிடும். அப்புறம் யாராலயும் முடியாது.”

என் அக்காவைக் கேட்கிறது. எதற்கும் சரி என்று அமுக்குகிறவளைப் போய்க் கேட்கிறது!

ஜூன் 22, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். சாப்பிட்டியா ஆயிற்று. போன் எப்படியிருக்கு என்று கேட்கத் தொடங்குமுன் அவளே சொன்னாள்.

“பழசாயிடுச்சு. அவர் புதுசு வாங்கித் தரேன்னார். சரின்னுட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் போறோம். பழசைக் கடையிலயே எடுத்துக்குவாங்களாம்.”

“கொடுக்காதே.”

“ஏன்?”

என்னவென்று சொல்வேன்? போனிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். ஆனால் இதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “நான் வரேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்” என்றேன்.

“நீயா?” என்றாள். “நிஜமாவா?”

ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று, கல்யாணம் நிச்சயமானதிலிருந்து ரயிலேறும் வரை நூறு தடவை கூப்பிட்டிருப்பாள். இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்றே ஓட்டிவிட்டேன்.

ஜூன் 27

லீவு சொல்லியாயிற்று. கார்டைப் பஞ்சில் சுற்றி, பல் செட் அனுப்பும் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். அவள் அமுக்கியிருப்பாள். அவளைத் தெரியாதா எனக்கு.

ஜூன் 28

கதவைத் தட்டினேன். அக்கா திறந்தாள். இளைத்திருக்கிறாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. புதுக் கண்ணாடி. அவர் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எங்களைத் தனியே விட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே கடைப்பக்கம் போய்விட்டார். இத்தனை நாளும் இந்த மனுஷரைக் கண்ணாடிக்காரர் என்று கரித்துக்கொட்டிக் கொண்டிருந்தேன்.

உட்காரக்கூட இல்லை. “அக்கா, அந்தக் கார்டை நான் கேக்கவே இல்ல” என்றேன்.

“எதை, கடைசியில சொன்னதையா?”

“எதையுமே. பொய் சொன்னேன். இப்போ போட்டுப் பார்த்தா திறக்க மாட்டேங்குது.”

அக்கா நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். “அப்போ நீ மாட்டேன்னு சொல்லலையா?” என்றாள்.

எதற்கு மாட்டேன் என்று கேட்க எனக்குப் பயம். அதற்கு முன் இன்னொன்று தெரிய வேண்டும். “உன் போன் கார்டைக் கேட்டுச்சா?”

“தினம் கேக்குது. காணோம், போடு, காணோம், போடுன்னு. என் படமெல்லாம்கூட அன்னியோட மறைஞ்சுபோச்சு. வயசாயிடுச்சு போனுக்குன்னு நினைச்சேன். ஒரு நாள் அதுக்குள்ள போய்ப் பார்த்தேன். இனிமே வராதுன்னு விட்டுடலாமான்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்னே?”

“வேண்டாம்னேன்.”

“நீயா?”

“அதுதான் உங்கிட்ட இருக்கே. வராதுன்னு நான் எப்படிடீ சொல்றது?”

டப்பாவிலிருந்து எடுக்க இடுக்கி இல்லை, அக்காவே நகத்தால் எடுத்துச் செருகினாள். போன் யோசித்தது. நாங்கள் இரண்டு பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது — படங்கள், ஏதோ ஊரின் மழை, குரல்கள்.

தன் குரலைத் தானே கேட்க வெட்கம் என்று அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மோட்டார் உறுமினால் ஒரு குவளை தண்ணீர். காஸ் திருகை இடப்பக்கம் திருப்பு. மேல்வீட்டு அம்மாவிடம் துடைப்பம் இரவல் கொடுக்காதே, திரும்பாது. பின்னணியில் எங்கள் வீட்டுப் பாத்திரச் சத்தம். ஒன்றில் என் குரலும் இருந்தது, அடுத்த அறையிலிருந்து, எரிச்சலாக: “யார்கிட்ட பேசறே?” அவள், “யார்கிட்டயும் இல்ல.”

கடைசி ஒன்று:

“அவர் ஊர் வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்காம். அவர்தான் சொன்னார், உன்னைக் கூப்பிடச் சொல்லி. ஜன்னல் வடக்குப் பக்கம். பல்லு நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேணும்னு நீ சொல்லுவியே. உன் மேசை அங்க கச்சிதமா நிக்கும். வர்றியா? நேர்ல கேட்டா நான் முடிக்கிறதுக்குள்ள வேண்டாம்னுடுவே. அதான் இதுல கேக்கறேன். நிதானமா யோசிச்சுச் சொல்லு. சொல்லலைன்னா வரலைன்னு புரிஞ்சுக்கறேன். கட்டாயப்படுத்த மாட்டேன்.”

இத்தனை மாதமும் நான் அவளுக்குச் சொன்ன பதில் அந்த ‘வரலை’தான். வாயே திறக்காமல் சொன்ன பதில்.

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக, பழக்கதோஷம், வேண்டாம் என்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். “இப்போ சொல்லாதே” என்றாள். மூடிக்கொண்டேன். பிறகு அழுகைதான் வந்தது.

புது போன் வாங்க யாரும் போகவில்லை.

ஜூலை 7

அக்கா ஊரிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று லேப் முதலாளியிடம் கேட்டேன். “அச்சு எங்கேர்ந்து வந்தா என்ன, எங்கே போனா என்ன? கூரியர்ல அனுப்பறேன், அடுக்கி அனுப்புங்க” என்றார். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தகராறு பண்ணத் தயாராகப் போயிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் பேசினோம். சாப்பிட்டியா என்று இருவருமே கேட்க மறந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 30

வீடு காலி. பேசினால் எதிரொலிக்கிறது. நாளை குடிவரப் போகிறவர்கள் சின்ன வயதுத் தம்பதி. அவர்களுக்காகப் போனில் பேசி வைத்தேன். மோட்டார் உறுமினால் பயப்படாதீர்கள், காற்று புகுந்திருக்கும், ஒரு குவளை தண்ணீர் போதும். துடைப்பத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். கார்டில் வைக்கவா என்று போன் கேட்டது. முழுதும் படித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அமுக்கி, அந்தப் பெண்ணுக்கு நேராகவே அனுப்பினேன்.

பூட்டும் சாவியும் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாயிற்று. ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் அக்கா கூப்பிட்டாள்.

“அத்தான் சாவிக்கடைக்குப் போறார். உனக்கும் ஒண்ணு பண்ணச் சொல்லவா?”

“வேண்டாம்” என்றேன். “தட்டறேன்.”