கடைசிப் பக்கத்தில் பென்சில்

நவம்பர் 12, செவ்வாய். திருப்பதி.

மன்னிச்சுக்கோ பாப்பா, இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு. தூங்குகிற உன் முகத்தில் விளக்கு அடிக்கிறது. உன் பாவாடையையே விளக்குக்குப் போர்த்தியிருக்கிறேன்.

விடாத மழை. மாடியிலிருந்து மலை தெரியவில்லை, அலிபிரிப் படி விளக்குகளும் இல்லை. யூனிபார்ம் காயவில்லை, ஃபேன் அடியில் கட்டிலில். பாப்பாவுக்கு இருமல். சிரப் அரை ஸ்பூன்.

சனிக்கிழமை லைப்ரரியில் திருப்பிக் கொடுத்தவை பற்றி. மறப்பதற்குள்.

பச்சை அட்டை நாவல். பரிசு வாங்கியதாம். ஒரு புரொபசர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பாதியில் விட்டேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் "ஆழமான படைப்பு" என்று எழுதினேன். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் ஆழம் ஆழம் என்று எழுதியிருந்தார்கள். நான் மட்டும் கரையில் நின்றதாகத் தெரியக் கூடாதல்லவா. வெட்கக்கேடு.

நெசவாளர் சிறுகதைகள். எழுதியவர் பெரிய ஆள்தான். ஆனால் தறிச் சத்தத்தை "இனிய இசை" என்கிறார். எங்கள் அம்மா வீட்டு நகரியில் பவர்லூம் பக்கத்தில் ஒரு ராத்திரி படுத்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். எங்கள் தெருவில் அன்பாகப் பேசுவதுகூடக் கத்தித்தான்.

இது லைப்ரரியுடையது இல்லை, இன்னும் கையில்தான்: கம்ப்யூட்டர் கிளாஸில் பக்கத்து சீட்டுப் பெண் கொடுத்த இங்கிலீஷ் குண்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் இல்லாத தேசத்துக்கு மேப். டிராகன், வாள், குதிரை. சண்டை வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். அவ்வளவு பேர் அவ்வளவு தூரம் போகிறார்களே, ஒருவரும் துணி துவைக்கவில்லை. ஆனாலும் பிடித்திருக்கிறது. மிக்ஸி மேல் வைத்து, தோசை திரும்பும்வரை படிக்கிறேன். பி.எஸ்ஸி. படித்தவள், பிள்ளை பெற்றவள், டிராகன் படிக்கிறேன் என்று யாரிடம் சொல்வது? பச்சை அட்டை இருந்தவரை, யாராவது வந்தால் அதை மேலே வைத்துவிடுவேன்.

கடைசியாக அந்த மேகக் கதை. ஏதோ ஆம்பளைப் பேர், கேள்விப்படாத பேர். மாயாஜாலக் கதைதான். மழையே இல்லாத நாடு. ஒரு குழந்தையை மேலே அனுப்பினால் கீழே மழை வரும். அரண்மனையில் தண்ணீர் இறைக்கிறவள் தன் பையனை மேகக்காரர்களிடம் கொடுத்துவிடுகிறாள். அங்கே போனால் பிள்ளைக்குத் தாயை மறந்துபோகும். வருஷத்துக்கு ஒரு தரம் அவன் மேகமாக ஊர் மேல் போவான். அவள் காலில் கொலுசு கட்டிக்கொண்டு ஆடுவாள். கொலுசு கேட்டால் மேகம் கீழே இறங்கும். இறங்கி, "நீ யார்?" என்று கேட்பான். "வழியில் நிற்கிறவள்" என்பாள்.

ஊருக்கெல்லாம் மழை. அவளுக்கு அவ்வளவுதான்.

இதற்குக் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது: "பிள்ளை பெறாதவன் எழுதிய கதை. எந்தத் தாயும் இப்படிச் செய்ய மாட்டாள். செய்தால் அவள் தாய் இல்லை."

முனிரத்தினம் அண்ணனின் வாடகை லைப்ரரியில் யாரும் பேர் போட மாட்டோம். பென்சிலில் ஒரு வரி, அவ்வளவுதான். அடுத்து எடுப்பவர்கள் அட்டையைப் பார்ப்பதில்லை, அந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் "சூப்பர்" என்று எழுதிய இடத்தில் ஒருத்தி உண்மையைச் சொன்னாள் என்று.

அதற்கு முந்தின நாள் குவைத்திலிருந்து வீட்டுக்காரர் போன். கீழ் வீட்டு போனுக்கு. அங்கே ஒரு கிளினிக்கில் டைப்பிங் வேலை இருக்கிறதாம் எனக்கு. "ரெண்டு வருசம் தான் சுமதி. கொயந்த உங்கம்மா கிட்ட இருக்கட்டும். அதுக்கு இன்னா, ஞாபகம் கூட இருக்காது." பார்க்கலாம் என்றேன்.

இல்லை என்று சொல்லவில்லை.

நவம்பர் 13, புதன். தூறல்.

கம்ப்யூட்டர் கிளாஸ் போகும் வழியில் லைப்ரரி. பாப்பா வழக்கம்போல் மாடி வீட்டு பத்மா அக்காவிடம். அக்கா தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் தினமும் நான் திரும்பும்வரை பார்த்துக்கொள்கிறார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

முனிரத்தினம் அண்ணன்: "இன்னாம்மா, அந்த மேகக் கத படிச்சியே, எப்டி?"

"பரவால்லண்ணா."

"பரவால்லன்னா? துன்னுட்டு வந்தவங்கள கேட்டா காரமா உப்பான்னு சொல்லணும் இல்ல? எவனோ படுபாவி கடசிப் பக்கத்துல கிறுக்கி வச்சிக்கிறான் பாரு. எழுதனவங்க நம்ம ஊரு தான். வாரா வாரம் வந்து அந்தத் தாள மட்டும் தெறந்து பாத்துட்டுப் போவாங்க. நேத்து பாத்தாங்க. அப்டியே அந்த ஸ்டூல்ல ஒக்காந்து, தண்ணி குடு முனிரத்தினம்னாங்க. குடுத்தா குடிக்கல. கைல வச்சிக்கினே இருந்தாங்க அந்தம்மா."

"அம்மாவா? ஆம்பளப் பேரா இருக்குதே?"

"பொம்பள பேரப் போட்டு ராஜா கத எழுதனா எவன் எடுத்துக்கினு போறான்? சொந்தக் காசுல போட்டாங்க. யார்னு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க. நீ கேக்காத."

நான் கேட்கவில்லை. "எவனோ படுபாவி" என்றபோது சிரித்தேன்கூட. கிளாஸில் ஒன்றும் ஏறவில்லை. தண்ணீர் டம்ளரும் அந்த ஸ்டூலும்தான்.

நவம்பர் 14, வியாழன். வெயில். ஒருவழியாக.

ஸ்கூலில் குழந்தைகள் தினம், மாறுவேஷம். மற்றப் பிள்ளைகள் போலீஸ், டாக்டர், மயில். இவள் நேற்றே சொல்லிவிட்டாள், மேகமாகத்தான் போவேன் என்று. பனியனில் பஞ்சு ஒட்டினேன். காலுக்குக் கொலுசு வேண்டுமாம்.

"மேகத்துக்கு ஏது கொலுசு?"

"மேகத்துக்கு இல்லம்மா. அது அவங்கம்மாவுக்கு. கொலுசு கேட்டா மேகம் கீழ வரும். அப்போ நீ யாருன்னு கேக்கும்."

"யார் சொன்னா?"

"மாடிப் பெரிம்மா. டெய்லி சொல்வாங்க. நான் துன்னாத்தான் மிச்சம் சொல்வாங்க."

பஞ்சு கையோடு ஒட்டிக்கொண்டது. நான் இந்தக் கதையைப் பாப்பாவுக்குச் சொன்னதில்லை. வீட்டில் சத்தமாகப் படித்ததும் இல்லை.

பத்மா அக்கா. தபால் ஆபீஸ் கவுன்ட்டர், காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி. நான் பச்சை அட்டையை மேலே வைத்து டிராகனை மறைத்ததே அவர் வரும்போதுதான். அவர் இதையெல்லாம் படிக்கிறவர் இல்லை என்று நினைத்தேன்.

பாப்பாவுக்குப் பரிசு இல்லை. மயிலுக்குக் கிடைத்தது. சாதாரண நாளாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

நவம்பர் 15, வெள்ளி.

காலையில் இன்னொன்று புரிந்தது. நான் தினமும் அக்காவுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். சிரப் எவ்வளவு, வெந்நீர் எப்போது, பால் வேண்டாம். என் கையெழுத்தைத் தினமும் பார்க்கிறவர்.

இன்று கிளாஸ் இல்லை என்று பொய் சொல்லிவிடலாமா? ஆனால் பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டு படியில் நிற்கிறாள்.

போனேன். சீட்டை நீட்டினேன். அக்கா கண்ணாடி போட்டு முழுதும் படித்தார். இரண்டு வரிச் சீட்டு. அவ்வளவு நேரம் ஆகாது.

"ஒன் எழுத்து நல்லா புரியுது சுமதி," என்றார். "பென்சில்ல எழுதனாலும் புரியுது."

நான் குனிந்து பாப்பாவின் செருப்பைக் கழற்றினேன்.

"போ, கிளாசுக்கு லேட்டாவுது. கொயந்தய நான் பாத்துக்கறேன்."

திரும்பி வந்தபோது பாப்பா கேசரி தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் மூடி வைத்திருந்தார். திட்டியிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். கேசரியை மீதி வைக்கப் பயம். முழுங்கினேன்.

நவம்பர் 17, ஞாயிறு. மறுபடி மேகம்.

கீழ் வீட்டில் அவர் போனுக்குக் காத்திருந்தேன். முதலில் வந்தது பத்மா அக்காவுக்கு, அமெரிக்காவிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை வருவதுதான். கொழுந்தன் பிள்ளையோ யாரோ என்று நினைத்திருந்தேன். அக்கா இறங்கி வந்தார். நின்றபடியே பேசினார்.

"நல்லா கீறேன்பா... துன்னியா? அங்க குளிரா?... அம்மாவ கேட்டதா சொல்லு. சித்தி கேட்டாங்கன்னு சொல்லு."

வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏறிப் போனார்.

கீழ் வீட்டம்மா, தெலுங்கும் தமிழுமாக: "பாவம். ஆமெ கொடுகே அம்மா. அவங்க பெத்த பையன் தான். நீக்கு தெலியதா?"

எனக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்காரரின் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. பையன் நடக்கப் பழகும்போது அவர்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். அவர்கள் ஹைதராபாத் போனார்கள், பிறகு பையன் படித்து சாஃப்ட்வேரில் அமெரிக்கா. அக்காவுக்கு அப்புறம் குழந்தை இல்லை, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பையனுக்கு விஷயம் தெரியுமா என்று கீழ் வீட்டம்மாவுக்கே தெரியாது. அவனுக்கு அக்கா இதுவரை சித்திதான்.

பிள்ளை பெறாதவன் எழுதிய கதை.

கட்டை விரலால் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அவர்தான். "இன்னா சத்தமே இல்ல?" என்றார். "பாஸ்போர்ட்டு இன்னா ஆச்சி?" நாளைக்குச் சித்தூர் போகிறேன் என்றேன்.

நவம்பர் 18, திங்கள். சித்தூர் போய் வந்தேன்.

ஸ்கூலுக்கு லீவு சொல்லிப் பாப்பாவையும் கூட்டிப் போனேன். மாமியார் வீட்டில் அவளை விட்டுவிட்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனேன். போட்டோவில் என் முகம் திருடி மாதிரி.

பஸ்ஸில் டிராகன் புத்தகம் திறந்தேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை. மேகக் கதைதான் உள்ளே ஓடியது. ஒளிக்காமல் எழுதுகிறேன்: இந்த வருஷம் படித்ததில் அதுதான் நல்ல புத்தகம். நடுவில் அரண்மனைச் சண்டை இழுவை. ராஜா பேசுவது நாடகம் மாதிரி. ஆனால் அவள் ஆடிவிட்டு, கொலுசைக் கழற்றி, அடுத்த வருஷத்துக்கு எண்ணெய் போட்டு வைக்கிற இடம். அதைப் படித்துவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுத கோபத்தில்தான் பென்சிலை எடுத்தேன். அவளைத் திட்டவில்லை நான்.

திரும்பும்போது பாப்பா மடியில் தூக்கம். மாமியார் கேட்டது காதில்: "குடுத்துட்டியா?"

கொடுத்துவிட்டேன். அதுதான். எல்லாம் தெரிந்த பிறகும், நேராகப் போய், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய். மழை.

பாப்பாவின் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பர் எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போனேன். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். மேகக் கதை அலமாரியில்தான் இருந்தது. கடைசிப் பக்கம். என் வரிக்குக் கீழே, வேறு வேறு கையில்:

"கரெக்ட்."

"100% உண்மை."

"இதைப் பார்த்ததும் படிக்கவில்லை. நன்றி."

நன்றியாம். ரப்பரை என் வரி மேல் வைத்தேன். முனிரத்தினம் அண்ணன் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஓ. அந்தப் படுபாவி நீ தானா?"

"ஆமாண்ணா."

ரப்பரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம்: "அழிக்காத. நீ ஒன்னுத அழிச்சிட்டா, கீழ கீற கரெக்ட்டு எதுக்குக் கரெக்ட்டுன்னு ஆவும்? அதுவும் அழிப்பியா? அவங்க ஏற்கெனவே பாத்துட்டாங்க. அத எந்த ரப்பரு அழிக்கும்?"

"அப்போ இன்னாண்ணா பண்றது?"

"எனக்கு இன்னா தெரியும்? புக்கு வாடகைக்கு வுடறவன் நானு."

அவரிடம் பேனா வாங்கினேன். கீழே எழுதினேன்: "மேலே 'தாய் இல்லை' என்று எழுதியவள் சுமதி. புத்தகம் முழுதும் படித்தேன், அழுதேன், அதை எழுதாமல் விட்டேன். படியுங்கள்." அந்தத் தாளில் முதல் முறையாக ஒரு பேர். பேர் கோணல்.

வீட்டுக்கு வந்து, கிளாஸுக்குக் கிளம்புமுன், அக்காவுக்கான சீட்டு. மூன்று தரம் கிழித்தேன். கடைசியில் கொடுத்தது இது, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

பத்மா அக்கா, இருமல் குறைந்துவிட்டது. இன்று சிரப் வேண்டாம். முடிந்தால் லைப்ரரியில் கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் பாருங்கள். நேற்று சித்தூரில் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பாப்பாவை நகரியில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். நான் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் இறங்கி வந்து நீ யார் என்று கேட்கும்போது, அவள் ஏன் அம்மா என்று சொல்லவில்லை? கதைக்காகக் கேட்கவில்லை. நேரில் கேட்க எனக்கு முகம் இல்லை. இதே சீட்டின் பின்னால் எழுதினால் போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள், அக்கா.