போகியில் எரிந்த பாய்

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் என் பின்னலைப் பிடித்துக்கொண்டே நடந்த என் கோமதிக்கு,

நீ போனபின் இரண்டு பொங்கல் வந்துவிட்டது. இதுவரை உனக்கு எழுதத் தோன்றியதில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதி அச்சில் போடுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருந்தவரிடம் பேசாததை எல்லாம் பிறகு ஊர் படிக்க எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம். இன்று நானும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாசம் பொங்கி எழுதவில்லை. அருவருப்பில் எழுதுகிறேன். முன்பெல்லாம் எனக்கு அருவருப்பு வந்தால் சமையலறைக்கு வந்து உன்னிடம் கொட்டிவிட்டுப் போவேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே "உனக்கு எதுதாங்க்கா புடிக்கும்?" என்பாய். அந்தக் கேள்வி கேட்க இப்போது ஆள் இல்லை.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் நீ விட்டுப்போன வீட்டில்தான் இருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற, கல்யாணம் செய்துகொள்ளாத கிழவியை உன் மகன் முருகேசன் மரியாதையாகத்தான் வைத்திருக்கிறான். அவனுடைய சொட்டுநீர்க் குழாய் வியாபாரம் நன்றாக நடக்கிறது. மருமகள் நித்யா நேரத்துக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். உன் பேத்தி யாழினி இரண்டாம் வகுப்பு. நீ பார்க்காமல் போன பேரன் கவின் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் நடந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மத்தியானம் சமையலறையில் அரிசி டின்னைப் பிடித்து நின்றவன், கையை விட்டுவிட்டு என்னை நோக்கி வந்தான். வந்து என் முழங்காலில் முட்டிக்கொண்டு சிரித்தான். நித்யா பார்த்துவிட்டுக் கத்தினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவரை எல்லாம் சரி. அடுத்த நிமிடம் குழந்தையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்தி, எதிரே பிஸ்கட்டை நீட்டி, போனைத் தூக்கிப் பிடித்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். மறுபடி நிறுத்தினாள். மறுபடி உட்கார்ந்தான். என் கணக்குப்படி உன் பேரனுடைய முதல் நடை அன்றைக்கு நாலாவது தடவையாக நடந்தது. ஊர் பார்த்தது அந்த நாலாவதைத்தான்.

உன் மகனும் மருமகளும் 'எங்க வூட்டு வாண்டுங்க' என்று ஒரு சானல் நடத்துகிறார்கள், கோமதி. பல் முளைத்தால் வீடியோ, பல் விழுந்தால் வீடியோ. மொட்டை, காதுகுத்து, காய்ச்சல், கக்கல் என்று எதுவும் பாக்கி இல்லை. பூனை குட்டி போட்டால் யார் கண்ணிலும் படாமல் வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை. படித்த இரண்டு பேருக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று?

பொங்கலன்று நடந்ததைக் கேள். வாசலில் அடுப்பு மூட்டி, மஞ்சள் கொத்துக் கட்டிய பானையை வைத்து, யாழினிக்குப் பாவாடை சட்டை போட்டு எல்லாம் முறையாகத்தான் இருந்தது. முருகேசன் உள்ளே சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பால் பொங்கிவிட்டது. கிழக்குப் பக்கமாக, நுரைத்துக்கொண்டு, அழகாகப் பொங்கியது. யாழினி "பொங்கலோ பொங்கல்!" என்று குதித்தாள். வெளியே வந்த அவள் அப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ, போச்சா! நித்யா, வெறகை இழு. கொஞ்சம் பச்சத் தண்ணி ஊத்து. மறுக்கா பொங்க உட்லாம்."

எதிர்வீட்டுப் பழனியம்மா கோலத்தை முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டா முருகேசா, சூரியன் பாத்துட்டாரு. அவருக்கு மேல யாருக்குடா காட்டப் போற?" என்றாள். முருகேசன் சிரித்தான். பானைக்குள் தண்ணீர் ஊற்றப்பட்டது. இரண்டாவது தடவை பால் பொங்கவில்லை. தளதளவென்று கொதித்து அடங்கிவிட்டது. யாழினியை மட்டும் கத்தச் சொன்னார்கள். அவளும் கத்தினாள். நான் உள்ளே போய்விட்டேன். அந்தப் பொங்கலை எனக்கு இலையில் போட்டபோது ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

இதெல்லாம் வெறும் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது அதற்கு முந்தைய நாள், போகியன்றே நடந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது.

யாழினிக்கு ராத்திரியில் பாய் நனைக்கும் பழக்கம் இருந்தது உனக்குத் தெரியும். மருத்துவர் தானாக நின்றுவிடும் என்றார். கார்த்திகைக்குப் பிறகு நின்றும்விட்டது. அதுவரைக்கும் நித்யா ஒரு நாள்கூடக் குழந்தையைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. காலையில் பேசாமல் எடுத்துப்போய் அலசிப் போடுவாள். இதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

போகி விடியலில் பழைய முறம், கிழிந்த சாக்கு எல்லாம் தெருவில் எரிந்தன. யாழினியிடம் அந்தக் கோரைப் பாயைச் சுருட்டிக் கொடுத்து நெருப்பில் போடச் சொன்னார்கள். குழந்தைக்கு நெருப்பில் எதைப் போட்டாலும் சந்தோஷம்தானே? சிரித்துக்கொண்டே போட்டாள், கை தட்டினாள். நானும் ஜன்னலிலிருந்து பார்த்தேன், பழைய பாய் என்றுதான் நினைத்தேன். அந்தச் சிரிப்பின் மேல், 'இனி எங்க வூட்டுப் பாய் நனையாது' என்று தலைப்பு வைத்து, எத்தனை வயது வரை நனைத்தாள், எப்படி நின்றது என்று நித்யா தன் குரலில் விளக்கம் சொல்லி அன்றைக்கே ஏற்றிவிட்டாள். உன் பேத்திக்குத் தான் எதை எரித்தோம் என்றே தெரியாது.

மாட்டுப்பொங்கலன்று சாயங்காலம் கொம்புக்கு வண்ணம் அடித்த மாடுகளைப் பார்க்க அவளை மாரியம்மன் கோயில் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் கரும்பு வைத்திருந்தாள். அவள் வகுப்புப் பையன்கள் வேலி மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய், ஈரப்பாயி வர்றாடா!"

"ஏ ஈரப்பாயி, புதுப் பாயி வாங்கிட்டியா? அதயாச்சும் காய வெய்யி!"

எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் முதலில் புரியவில்லை. ஒருவன் அவள் கை தட்டியதை அப்படியே நடித்துக் காட்டினான். அப்போது புரிந்தது. அவள் அழவில்லை, கோமதி. கரும்பை என் கையில் கொடுத்தாள். "போலாங்க பெரியாயா" என்றாள். வீட்டு வாசல் வந்ததும் நின்றாள்.

"பெரியாயா, வீடியோவ எரிக்க முடியுங்களா?"

அறுபது வருடமாகப் படித்ததும் படிப்பித்ததும் இந்தக் கேள்விக்கு எனக்கு உதவவில்லை. "பாக்கறேன்" என்றேன். "திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறந்துருவாங்க" என்றாள். அதற்குள் ஆக வேண்டும் என்று பொருள்.

அவளைப் பழனியம்மா வீட்டில் முறுக்குக்கு உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். கூடத்தில் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முருகேசா, அந்த வீடியோவ எடுத்துரு."

"எந்த வீடியோவுங்க பெரிம்மா?"

"பாயி எரிச்சது."

"அதுங்களா? இந்தப் பொங்கலுக்கு அதுதாங்க நல்லாப் போயிட்டிருக்குது!"

திடலில் நடந்ததைச் சொன்னேன். நித்யாவின் முகம் வாடியது. ஆனாலும் விடவில்லை. "பெரியத்தை, நீங்க கமெண்ட்டப் படிச்சுப் பாருங்க. எத்தன அம்மாங்க அழுதிருக்காங்க! எம்புள்ளயும் இப்பிடித்தான், இத்தன நாளு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சுன்னு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னுதானுங்க நான் சொல்லியிருக்கேன்?"

"வெக்கப்பட ஒண்ணுமில்லன்னா உன்னப் பத்திச் சொல்லும்மா. அவளப் பத்தி ஏன் சொன்ன?"

"சின்னப் பசங்க, நாலு நாள்ல மறந்துருவாங்க பெரிம்மா" என்றான் உன் மகன்.

"நீ மறந்துட்டியா?"

"எதைங்க?"

"அஞ்சாவது படிக்கிற வரைக்கும் நீ நனைச்ச பாய."

நித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "நெஜமாவாங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லீங்களே!" என்று அவனைப் பார்த்தாள். முருகேசனுக்குக் காது மடல் வரை சிவந்தது.

"பெரிம்மா, அதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்று எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். வெளியே குழாய் இறக்க வந்த வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"கதவ ஏண்டா சாத்தற?" என்று கேட்டேன்.

அவன் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. நித்யாவின் சிரிப்பும் நின்றது. அவனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனை எடுத்தாள். அந்த வீடியோ போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே, காய்ச்சல் வீடியோவும் கக்கல் வீடியோவும் போயின.

நீ அந்தப் பாயைக் கோழி கூவும் முன்னே மோட்டார்த் தொட்டியில் அலசி, வைக்கோல் போருக்குப் பின்னால் காயப் போட்டதை அவனிடம் சொன்னேன். மாமியார் கேட்டால் பூனை நனைத்துவிட்டது என்று சாதித்தாயே, அதையும் சொன்னேன். பாவம் அந்தப் பூனை, வருடக்கணக்காகப் பழி சுமந்தது. என்னிடம்கூட நீயாகச் சொன்னதில்லை. விடுமுறைக்கு வந்தபோது நானே பார்த்ததுதான். பார்த்தது தெரிந்தும் நீ வாய் திறக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அது அசட்டுப் பிடிவாதமாகப் பட்டது. அவன் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போனான் என்பதை நான் கவனித்தேனா?

அருவருப்பு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அன்றைக்கு யாழினி முறுக்கைக் கடித்துக்கொண்டு வந்து, "எரிச்சாச்சுங்களா?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வராது. "நம்ம வூட்ல இருந்தது போயிருச்சு. மத்தவங்க போன்ல எடுத்து வெச்சிருந்தா அது என்னால ஆகாது" என்றேன். தலையாட்டினாள். ஏழு வயதுக் குழந்தை அப்படித் தலையாட்டக் கூடாது. பெற்றவர்கள் கையாலேயே கிளம்பிப்போன ஒன்று எந்த ஊரில் யார் போனில் கிடக்கிறதோ. அவள் கல்யாண வயதில் அது திரும்பி வராது என்று யார் சொல்ல முடியும்?

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனாள். அந்த வாரம் முழுக்க அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தேன். அவர் "பசங்கதானுங்க மேடம்" என்றார். பசங்கள் என்பதால்தான் வந்திருக்கிறேன் என்றேன். பிறகு கொஞ்சம் அடங்கியது.

இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. அதனால் இதுவரை எழுதியதும் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். முழுவதும் படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு இடங்களில் "இது வேணாங்க" என்றாள், அடித்துவிட்டேன். பெயரையும் மாற்றச் சொன்னாள். யாழினி என்பது அவளே தேர்ந்தெடுத்தது. அவள் பெயர் மாறினால் எல்லோர் பெயரும் மாறியாக வேண்டும். நீயும் இதில் கோமதியாக இருக்கிறாய், கோபித்துக்கொள்ளாதே. முருகேசனிடம் மட்டும் நான் அனுமதி கேட்கவில்லை. பெயர் மாறியிருக்கிறது, அது அவனுக்குப் போதும். வளர்ந்த ஆண், தாங்கிக்கொள்வான்.

நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காதில் ஒன்று சொன்னாள். அவளுக்கு நடந்தது. பெரிய விஷயம் இல்லை, சின்னதும் இல்லை. சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க பெரியாயா."

"உங்கம்மாகிட்ட?"

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். அப்பறமா."

கூடத்து மாடத்தில் இருக்கும் உன் படத்தைக் காட்டி, "உங்காயாகிட்ட?" என்று கேட்டேன். நன்றாக யோசித்தாள். உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆயாகிட்டயும் வேணாங்க."

ஆகவே சொல்ல மாட்டேன், கோமதி. நீ கனவில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். நான் அங்கே வந்து சேர்ந்த பிறகு, வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். அது அவளுடையது. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடமும் வாய் திறக்கப் போகாத
உன் அக்கா