அப்பா இந்தத் தடவை தேர்தலில் நிற்க வேண்டாம்

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் கூடத்தில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் போனை எடுத்தாலே அப்பாவின் செயலாளர் யாரு யாரு என்று வந்து நிற்கிறான். அதனால் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

அப்பா கூட்டத்தில் உளறியதை நீ பார்த்திருப்பாய், உலகமே பார்த்துவிட்டது. புதுக் கட்சிக்குப் போய் முதல் மேடை, பக்கத்தில் புதுத் தலைவர், பின்னால் ஆள் உயரத்துக்குப் படகுச் சின்னம். அப்பா அரை மணி நேரம் நன்றாகத்தான் பேசினார், கடைசியில் கையைத் தூக்கி உங்கள் பொன்னான வாக்குகளைக் குடைக்கே போடுங்கள் என்றார். முப்பது வருஷம் அந்தக் குடைக்குக் கேட்ட வாய், பழக்க தோஷம் என்று எல்லாரும் சிரித்தார்கள். பழைய கட்சிக்காரன், அவர் மனசாட்சி பேசிவிட்டது என்று போஸ்டர் அடித்து ஒட்டினான். புதுத் தலைவரும் பெருந்தன்மையாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நானும் முதலில் சிரித்தேன், மறைப்பானேன். ஆனால் காரில் வரும்போது ஏன் எல்லாரும் சிரிச்சாங்க என்று அப்பா என்னைக் கேட்டாரடா. நான் சொன்னதும், நாம எப்ப படகுக்கு மாறினோம், யாரைக் கேட்டு மாறினீங்க என்று என் மேலேயே பாய்ந்தார். அன்றைக்குப் போனதுதான் என் தூக்கம்.

அதற்கப்புறம் பார்த்தால் எல்லாமே அப்படித்தான். மில் முதலாளியின் அம்மா இறந்த வீட்டுக்குப் போய், இந்த மணவிழாவில் கலந்துகொண்டதில் மட்டற்ற மகிழ்ச்சி என்று ஆரம்பித்துவிட்டார், டிரைவர்தான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து அழைத்து வந்தான். நம்ம குடும்ப டாக்டரைச் சும்மா பார்க்க வருவது போல வரச் சொன்னேன். அவர் அரை நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டு வாசலில் வந்து என்னிடம், இது வயசு மறதி இல்லீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கூட்டம், அலைச்சல் எதுவும் கூடவே கூடாது என்றார். அதைச் செயலாளரிடம் சொன்னால் அந்தப் பாவி என்ன சொல்கிறான் தெரியுமா, ஐயா பேசவே வேணாம்மா, வேன்ல நின்னு கை காட்டினா போதும், முகத்துக்கே ஓட்டு விழும் என்கிறான். இவர் என்ன கடை வாசல் பொம்மையா என்று கத்திவிட்டேன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அப்பா எம்.எல்.ஏ. ஆனால்தான் அவனுக்குப் பிழைப்பு. கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அப்படித்தான். இந்த வீட்டில் அவர் வேண்டுமென்று நினைக்கிறவள் நான் ஒருத்திதான், மற்றவர்களுக்கு அவர் தொகுதி வேண்டும்.

மாசக் கடைசியில் வேட்புமனு. நான் சொன்னால் உனக்கு அரசியல் தெரியாது போடி என்கிறார், இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்கு வந்தவனுக்கெல்லாம் டீ போட்டவளுக்கு அரசியல் தெரியாதாம். உன் பேச்சு ஒன்றைத்தான் கேட்பார். கட்சி மாறிய அன்று நீ போனில் அவரை எப்படிப் பேசினாய், அவர் உன்னை எப்படிப் பேசினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நீ சொன்னது நியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ கோபித்துக்கொண்டிருக்கிற அந்த மனுஷன் இப்போது அவருக்குள் இருந்தால்தானே கோபம். எந்த முகத்தோடு வருவேன் என்று யோசிக்காதே, அந்தச் சண்டை அவருக்கு ஞாபகமே இல்லை.

இத்தனை நாள் கூட இருந்தும் எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று நீ கேட்பாய். அப்பாவின் வித்தை ஒன்று உனக்குத் தெரியாது. ஆள் யாரென்று அடையாளம் தெரியாவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு, சௌக்கியமா, பையன் எப்படி இருக்கான், இப்ப எங்க இருக்கான் என்பார். எல்லா வீட்டிலும் ஒரு பையன் இருப்பான், இல்லாவிட்டால் பொண்ணுங்கய்யா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஐயா நம்மை மறக்கவே இல்லை என்று பூரித்துப்போய்ப் போவார்கள். அந்த வித்தையை வைத்துக்கொண்டு எவ்வளவு காலமாக ஓட்டினாரோ, யார் கண்டது. நேற்று மத்தியானம் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கும்பிட்டபடி வந்தார், அந்த மேடைச் சிரிப்போடு. என் கையைப் பிடித்து, சௌக்கியமாம்மா, பையன் எப்படி இருக்கான், இப்ப எங்க இருக்கான் என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன், கண்ணைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. தூரத்துல வேலை பார்க்கிறான் என்றேன். வந்து போறானா என்றார். இந்த மாசம் வர்றான் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்ல. நல்லதும்மா, வந்ததும் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க, என்ன உதவி வேணும்னாலும் செஞ்சு தர்றேன் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வந்து பாரடா. மனு போடுவதற்கு முன்னால் வா. வருவது செயலாளர் காதுக்குப் போக வேண்டாம், நேரே வாசலில் வந்து நில். மருமகளையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும்.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா