பச்சை விழுந்த பின்னும்

ஆகஸ்ட் 18, திங்கள்

கடைத்தெரு சிக்னலில் இன்று வேண்டுமென்றே என் ஆட்டோவை முதல் வண்டியாகக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன். நடக்கிறவர்களுக்கு முப்பது செகண்டு இருந்ததைப் பதினெட்டாகக் குறைத்தது குறைத்தபடியே இருக்கிறது. அந்த டிராஃபிக் எஸ்.ஐ.யை நான் நம்பவில்லை. மனு கொடுத்த அன்று நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். சத்தமில்லாமல் பழையபடி ஆக்கிவிடுவாரோ என்று எனக்குள் ஒரே அரிப்பு. ஆக்கவில்லை. இதுவரைக்கும்.

மனு எழுதியது நான். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியதும் நான். எங்கள் ஸ்டாண்டு ஆம்பிளைகள் இதைப் பேசிப் பேசியே ஒரு வருஷம் ஓட்டியவர்கள். ஆவணி முகூர்த்தம் வந்தால் கூறைப் புடவை எடுக்க வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். முப்பது செகண்டு நின்றால் வண்டி வரிசை பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். குறுக்கே ஒரு ஈ காக்கை கூட நடக்காதபோது அந்தச் சிவப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் கொஞ்சமா? இப்போது வண்டி நகர்கிறது. சவாரியும் கூடியிருக்கிறது.

சிக்னல் மாறிய அன்று பாதுஷா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஷாரோன் அப்பா ஒரு வாய் கடித்துவிட்டு, "நல்லா செஞ்ச அன்னம்" என்றார். மீதியை வைத்துவிட்டார். இனிப்பென்றால் உயிரை விடுகிற மனுஷன். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அவர் இன்றும் ஏழரைக்குத்தான் வந்தார்.

அவருக்குக் கடை ஆறு மணிக்கு முடியும். பட்டுக்கடை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிற வேலை, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த ஒரு ரோடுதான். ஆறேகாலுக்கு வீட்டில் இருப்பார். மகள் ஷாரோன் நர்சிங் படிக்க வேலூர் போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். டீ போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பார். இப்போது நான் வந்து டீ போட்டு ஆறவைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

"இன்னாங்க லேட்டு?"

"முகூர்த்த கூட்டம்மா."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடை வாட்ச்மேனிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "தாவீது அண்ணனா? டாண்ணு ஆறு மணிக்குக் கெளம்பிடுவாரேம்மா."

அப்படியா!

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வாட்ச்மேனிடம் கேட்டது அவர் காதுக்குப் போயிருக்குமோ? இன்று ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

துணி துவைத்தேன். அவர் லுங்கியில் தைலம் வாசனை. கேட்டால் தலைவலி என்கிறார். தலைவலிக்கு நெற்றியில் அல்லவா தேய்ப்பார்கள்? லுங்கியில் ஏன் மணக்க வேண்டும்? நம் வீட்டில் தைலம் பாட்டிலே கிடையாது. அப்படியென்றால் யார் வீட்டில் தேய்த்துக்கொண்டு வருகிறார்?

இன்னொன்றும் உறைத்தது. கடையில் முதலாளி முதல் டீ கொண்டு வருகிறவர் வரை எல்லார் கதையும் சொல்லுவார். போன மாதம் பில் போட ஒரு அம்மா சேர்ந்தாளே, மங்கையர்க்கரசியாம். சேர்ந்த அன்று பேர் சொன்னதோடு சரி. அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசுவதை விட, பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

ஆகஸ்ட் 30, சனி

ஸ்டாண்டு செயலாளர் மணிவண்ணன் காலையிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் வாயைத் திறந்தான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காத. நம்ம அண்ணன் இருக்காரில்ல..."

"சொல்லுடா."

"யாரோ ஒரு அம்மா கையைப் புடிச்சுக்கினு போறாருக்கா. சிக்னலாண்ட. ரெண்டு வாட்டி பார்த்துட்டேன். வயசான காலத்துல..."

"உன் வேலையைப் பாருடா" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன். அப்புறம் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் தேடினேன். சாவி கையிலேயே இருந்தது.

கையைப் பிடித்துக்கொண்டு. நடுத்தெருவில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையைத் தெருவில் பிடித்திருக்கிறாரா இந்த மனுஷன்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சர்ச்சில் ஜெபத்துக்கு எல்லாரும் முழங்கால் போட்டோம். அவர் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

மனசில் அழுக்கு இருக்கிறவனுக்குத்தான் கடவுள் முன்னால் முழங்கால் மடங்காது. நான் ஜெபமே செய்யவில்லை. பக்கத்தில் மடங்காமல் இருந்த அந்த முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நடந்ததை எழுதிடறேன்.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஆறு மணிக்குக் கடைத்தெருவில் வண்டியைப் போட்டேன். அதற்குள் திருப்புட்குழிக்காரர்கள் மூன்று பேர், பெண் வீட்டார், புடவைப் பைகளோடு ஏறிக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிக்னலில் முதல் வண்டி என்னுடையது. நடக்கிறவர்கள் போய் முடிந்து எங்களுக்குப் பச்சை விழுந்தது.

ரோட்டின் நடுவில் இன்னும் இரண்டு பேர். ஒரு பெண், அவள் கையைப் பிடித்தபடி ஒரு ஆள். பின்னாலிருந்து எல்லா வண்டியும் கத்துகிறது. உள்ளே இருக்கிற அம்மா, "போங்கம்மா, பச்சை விழுந்துடுச்சே" என்கிறாள். யார் மேலோ இருந்த கோபமெல்லாம் சேர்ந்து என் கட்டை விரலில் இறங்கியது. ஹாரனை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன்.

அந்த ஆள் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று ரோட்டைத் தாண்டுகிறவர்கள் உள்ளங்கையைக் காட்டுவார்களே, அப்படி. பழுப்புச் சட்டை. போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை.

ஒரு காலை எடுத்து வைக்கிறார். இன்னொரு காலை இழுத்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் சேர்க்கிறார். அப்புறம் நிற்கிறார். அப்புறம்தான் அடுத்த அடி. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நான் அதை ஏதோ பழக்கம் என்று நினைத்தேன். எப்படி நினைச்சேன்? ஊர்ல இருக்கிறவன் கண்ணையெல்லாம் படிக்கிற எனக்கு, என் வீட்டு ஆளு காலு தெரியல. கடவுளே, நான் ஹாரன் அடிச்சேனே!

என் வண்டிக் கண்ணாடியில் ஷாரோன் என்று பெரிய சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது. அவர் பார்த்திருப்பாரா? முகத்தைத் திருப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது டீ போட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்தேன்.

செப்டம்பர் 3, புதன்

வண்டியை வேறு தெருவில் விட்டுவிட்டு, சிக்னலுக்கு எதிரே டீக்கடையில் ஒளிந்து நின்றேன். பொண்டாட்டி புருஷனை வேவு பார்க்கிற கதிதான்.

ஆறு மணிக்கு வந்தார். மின் கம்பத்தில் சாய்ந்து நின்றார். நடக்கிறவர்களுக்கு விளக்கு எரிந்தது; போகவில்லை. மறுபடியும் எரிந்தது, ஒரு காலை ரோட்டில் வைத்து, பார்த்து, எடுத்துக்கொண்டார். யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் வரப்போவதில்லை. கோயிலிலிருந்து பெரிய கூட்டமாக வந்தால் வண்டிகள் நிற்கும். அந்தக் கூட்டத்தோடு கலந்துவிடலாம் என்று நிற்கிறார். எத்தனை விளக்கு போனது என்று எண்ணவில்லை. கண்ணீர் மறைத்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். நெற்றி நிறைய விபூதி, கையில் சாப்பாட்டுப் பை.

"நீங்கதானே ஷாரோன் அம்மா? நான் கடையில பில்லு போடுறவ. இன்னிக்கு என்னால கூடப் போக முடியலம்மா, கணக்கு முடிக்க லேட்டாயிடுச்சு. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். மெத்தையில உக்கார முடியலன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு பயப்படுறாரு. கடையில என் தைலத்தைத்தான் தேய்ச்சுக்குவாரு. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நினைச்சுக்கினு இருந்தேன்!"

தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். இந்த அம்மாவை மனசுக்குள் எத்தனை பேர் வைத்துக் கூப்பிட்டேன்! வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

கேட்டுவிட்டேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

"முட்டிய பத்தி ஏங்க என்கிட்ட சொல்லல?"

குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். "அன்னிக்கு நீ பாதுஷா வாங்கிக்கினு வந்த. மூஞ்சி எல்லாம் சிரிப்பு. உன் சிக்னல்ல எனக்குத் தாண்ட முடியலன்னு எப்படி சொல்றது?"

"தினம் நான் வந்து ஏத்திக்கினு வரேன்."

"ஒரு ரோடு தாண்டறதுக்கு ஆட்டோவா? கடை வாசல்ல எல்லாரும் பார்ப்பாங்க. நாளைக்கே முதலாளி, 'தாவீது, வூட்டுல ரெஸ்ட் எடு'ம்பாரு. நடந்து வர்ற வரைக்கும்தான் அன்னம் நான் ஆளு."

ஹாரன் அடித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மங்கையர்க்கரசி அம்மாவும் நானும் டிராஃபிக் ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"குறைக்கச் சொல்லி வந்ததும் நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"இப்ப கூட்டச் சொல்லி வந்திருக்கறதும் நீங்கதான்."

"ஆமா சார்."

அவர் கத்தவில்லை. ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் எடுக்க வேண்டும் என்றார். நடக்கிறவர்களுக்குக் கூட்டினால் வரிசை நீளும், அந்த வரிசையில் ஆம்புலன்ஸும் நிற்கும் என்றார். போன தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்து இதைத்தானே நானும் சொன்னேன்? முகூர்த்தம் முடியட்டும், பார்க்கலாம் என்று மனுவை மேசை டிராயரில் போட்டார். அந்த டிராயர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்டாண்டில் அதற்குள் தெரிந்துவிட்டது. மணிவண்ணன், "இன்னாக்கா, நம்ம வயித்துல அடிக்கிற?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

செப்டம்பர் 13, சனி

நம்பவே முடியவில்லை. இருபத்து நாலு ஆக்கியிருக்கிறார்கள். பாதி தூரம் இறங்கி வந்திருக்கிறார் எஸ்.ஐ.

பாதி போதாது. இன்றும் கம்பத்தருகே நின்றார். இருபத்து நாலில் அவர் நடு ரோடு தாண்டிக் கொஞ்ச தூரம் வருவார். மீதி ரோட்டை யார் கொடுப்பது?

செப்டம்பர் 15, திங்கள்

ஆறு மணிக்கு சவாரி ஏற்றவில்லை. அவர் கம்பத்தருகே வந்ததும், எங்களுக்குச் சிவப்பு விழுந்த உடனே போய்க் கோட்டின் மேல் வண்டியைக் குறுக்காக நிறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இறங்கி நடந்தார். இருபத்து நாலு தீர்ந்தது. பச்சை விழுந்தது. நான் நகரவில்லை.

பின்னால் ஊரே கத்தியது. மணிவண்ணன் வண்டியும் அதில் இருந்தது. எட்டிப் பார்த்து, "எடுக்கா!" என்றான்.

"ஆஃப் ஆயிடுச்சுப்பா. ஸ்டார்ட் ஆவல."

அவன் ரோட்டைப் பார்த்தான். பழுப்புச் சட்டையைப் பார்த்தான். கையைப் பிடித்திருந்த அம்மாவைப் பார்த்தான். அப்புறம் அவன் ஹாரன் சத்தம் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றும் ஆஃப் ஆனது.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று மங்கையர்க்கரசி அம்மா லீவு. அவர் தனியாகத்தான் தாண்டினார். என் வண்டிக்குப் பக்கத்தில் மணிவண்ணன் வண்டியும் ஆஃப் ஆகி நின்றது.

நான் வீட்டுக்கு வந்தபோது டீ தயாராக இருந்தது, சூடாக.

"இன்னாங்க, சீக்கிரம் வந்துட்டீங்க?"

"ஒரு ஆட்டோ பச்சை விழுந்தும் நடுரோட்டுல நின்னுக்கினு இருந்துச்சு. அந்த கேப்புல வந்துட்டேன். தினம் அதே நேரத்துக்குத்தான் ஆஃப் ஆவுது. நல்ல மெக்கானிக்கா பார்க்கச் சொல்லணும்."

"யாரு வண்டியாம்?"

"யாருக்குத் தெரியும்? அன்னிக்கு ஹாரன் அடிச்சுச்சே, அதே வண்டிதான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. லுங்கியை மடித்துக்கொண்டு, புதிதாக வாங்கி வைத்திருந்த தைலம் பாட்டிலைத் திறந்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கி நான் தேய்த்துவிட்டேன்.