மூன்றாம் டிரம்மின் வெள்ளிக்கிழமைகள்

24-6-2024, திங்கள்

என் பெயர் நல்லுசாமி. வயது ஐம்பது. திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் டிரம்களை இயக்கும் நிரலை எழுதியவன். மூன்றாம் டிரம்மில் வெள்ளியன்று நானூறு ஆட்டுத் தோல்கள் கெட்டன. கையால் இழுத்தாலே கிழிகின்றன. பதனிட விடும் ஆசிட் மிகுதி. யாரால் என்பதை ஆதாரத்தோடு எழுதிவைக்கவே இந்தக் குறிப்பேடு.

முதலாளி மன்சூர், டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் ஜப்பாரைத்தான் சாடினார். "இன்னொரு லோடு கெட்டுச்சுன்னா நீங்க வர வேணாம் பாய்." இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்பவர் தலைகுனிந்து நின்றார்.

எனக்கு ஐயம் வேறிடத்தில். மோட்டாரையும் வால்வையும் என் நிரல் இயக்குகிறது. தோலின் எடையைக் கொண்டு எவ்வளவு ஆசிட் என்பதைக் கணக்கிடும் ஃபங்ஷன் மட்டும், உதவிப் பொறியாளர் ருக்ஸார் எழுதும் ஸ்கிரிப்டில் இருக்கிறது. என் நிரல் அந்த ஃபங்ஷனை அழைக்கும். அது தரும் எண்ணை வால்வுக்கு அனுப்பும். பக்ரீத் முடிந்த புதனன்று நிறுவினோம். மூன்றாம் நாளே சேதம். ஸ்கிரிப்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, அதைத் திறக்கத் தெரிந்தவள் ஒருத்திதானே?

25-6, செவ்வாய்

ஸ்கிரிப்டைப் பூட்டிக் கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றியதை அரை மணி நேரத்தில் ருக்ஸார் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன சார், சொல்லாம கொள்ளாம வீட்டுப் பூட்ட மாத்திட்டீங்க?"

"விதிப்படி செய்தேன்."

"அப்ப நான் வாசல்லயே நிக்கவா?" என்று சிரித்தாள். ஏன் சிரித்தாள்?

27-6, வியாழன்

பழைய பிரதியோடு இருமுறை ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

29-6, சனி

நேற்றைய லோடும் போயிற்று. மறுபடி ஆட்டுத் தோல், மறுபடி மூன்றாம் டிரம்.

ஸ்கிரிப்ட் பூட்டியே இருந்தது. சாவி என்னிடம் மட்டும். ஆகவே ருக்ஸார் இல்லை. அப்படியானால் ஜப்பாரேதானா? ஆனால் பதிவேட்டில் அவர் பதிந்த தோலின் எடை சரியாகவே இருக்கிறது.

"மிஷின் விட்டதுதான் சார், நான் ஒரு சொட்டுகூட ஊத்தல" என்றார். முதலாளி கேட்கவில்லை. திங்கள் காலை வந்து பொருள்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நான் அருகில் நின்றேன். பார்த்துக்கொண்டிருந்தேன்.

30-6, ஞாயிறு

காலையில் ருக்ஸார் தொலைபேசியில் கேட்டாள்: "ரெண்டு தடவையும் வெள்ளிக்கிழம. கவனிச்சீங்களா சார்? பாய்ட்ட போய் ஒரு வார்த்த கேளுங்க."

போனேன். தேநீர் கொடுத்த பிறகே ஜப்பார் பேசினார்.

"வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு நேரமாயிரும் சார். எடைச் சீட்டு எடை போடுறவரு சட்டைப் பையில இருக்கும், அவரும் தொழுகைக்கு ஓடிருவாரு. உப்புத் தண்ணியில தோலு சுத்தட்டும்னு டிரம்ம ஓட்டிவிட்டு, மிஷின் திரையில எடைக் கட்டத்தக் காலியா விட்டுட்டுப் போவேன். வந்து போட்டுக்கிருவேன். எடை இல்லாட்டி ஆசிட்டு விடாம மிஷினு நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

ஆம். நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, இந்த வாரம் முழுதும் நான் திறக்காத ஒன்றைத் திறந்தேன் — என் சொந்த நிரலை.

எடை இல்லாமல் அழைத்தால் ருக்ஸாரின் ஃபங்ஷன் எண் எதையும் தருவதில்லை. ‘எடை இல்லை, கணக்கிட முடியாது’ என்று பிழையைத் திருப்பி அனுப்புகிறது. ஒழுங்காக, ஒவ்வொரு முறையும். அழைப்பு பிழையில் முடிந்ததா என்று என் நிரல் பார்க்கவே இல்லை. முந்தைய அழைப்பில் கிடைத்த எண் நினைவகத்தில் அப்படியே கிடந்தது. அதையே வால்வுக்குக் கொடுத்துவிட்டது. இரு வியாழன்களிலும் அந்த டிரம்மில் எருமைத் தோல். எருமைக்கான ஆசிட் ஆட்டுத் தோலுக்குப் போயிருக்கிறது. ஜப்பார் தொழுதுவிட்டு வந்து எடையை நிரப்பியதும் பதிவேடு மாசற்றுப் போயிற்று.

என் நிரலின் வரி 212. எல்லா அழைப்புகளின் முடிவையும் சோதிக்க வேண்டும் என்று அலுவலகச் சுவரில் அச்சிட்டு ஒட்டியவன் நான். என்ன மனுசன்யா நான்?

ருக்ஸாரிடம் சொன்னேன். "என் ஃபங்ஷன் சொல்லிக்கிட்டுதான் சார் இருந்துச்சு. நீங்க கூப்பிட்டதோட சரி, பதிலக் கேக்கல" என்றாள்.

நாளை காலை எட்டு மணிக்கு, ஜப்பார் பாய் தம் பொருள்களை எடுக்க வருமுன், வரி 212ஐ அச்சிட்டு முதலாளியின் மேசையில் வைப்பேன். இரண்டு லோடும் என்னால் கெட்டவை என்று எழுதிக் கையெழுத்திடுவேன். ஸ்கிரிப்டின் கடவுச்சொல்லை ருக்ஸாரிடம் திருப்பித் தருவேன். என் நிரலையும் அவள் முன் திறந்துவைத்து, முதல் வரியிலிருந்து சோதிக்கச் சொல்வேன்.