ஏதென்ஸ் பாடமும் குலுக்கல் சீட்டும்

க்யிம்யிண்டைங், யாங்கோன்

என் கண்ணான மகனே,

போனில் பேச முடியாத விஷயம். அதனால்தான் தாமஸ் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று டியூஷனில் ஏதென்ஸ் பாடம் நடத்தினேன். அங்கே சீட்டுக் குலுக்கித்தான் பதவிக்கு ஆள் எடுப்பார்கள், ஏழை பணக்காரன் பேதமில்லை, மக்களாட்சி பிறந்ததே அப்படித்தான் என்று பெருமையாகச் சொன்னேன். வகுப்புத் தலைவரை நாமும் அப்படியே எடுப்போம் என்று பிள்ளைகளின் பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டேன். யாரும் அதற்குள் கையை நுழைக்கவில்லை. ஷைலாதான் மெதுவாகச் சொன்னாள்.

"சயாமா, எங்க அண்ணனையும் இப்படித்தான் பட்டாளத்துக்கு எடுத்தாங்க."

டப்பாவை மூடி வைத்தேன். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மாலையில் அப்பா வார்டு அலுவலகத்திலிருந்து வந்தார். அங்கேயும் இன்று பட்டாளத்துக்குக் குலுக்கல். "எல்லார் முன்னாடியும்தான் எடுத்தாங்க. நேர்மையாத்தான் எடுத்தாங்க" என்றார். யார் பெயர் வந்தது என்று நான் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாயே, வராதே ராசா. மோல்மீனிலும் இருக்க வேண்டாம். மாமா கூப்பிடும் இடத்துக்கு உடனே போ. எந்த ஊர் என்று எனக்குக்கூடச் சொல்லாதே.

உன் அம்மா